கதவைத் தட்டினார்கள், பயம் வரவில்லை!

பாறசாலை ஸ்டேஷனில் மாலை வண்டி வந்து நிற்கும்போது பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருக்கும். கேரளத்தின் கடைசி ஸ்டேஷன் அது. அடுத்து குழித்துறை, அது தமிழ்நாடு. திருவனந்தபுரத்தில் காரியாலயம், ஜவுளிக்கடை, ஒர்க்ஷாப் என்று பகலைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் இறங்கி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் வழியில் நடக்கிறார்கள். முன்பு கையில் டார்ச் இருந்தது. இப்போது செல்போன் வெளிச்சம். வீட்டை நெருங்கியதும் ஒரு தடவை இருமுவது மட்டும் மாறவில்லை. வாசலில் நிற்பது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று இந்த ரயில் பாதை நெடுகிலும் உள்ள ஊர்களில் பகல் வீடு பெண்களுடைய வீடு; வயோதிகர்களுடைய வீடு. ஆண்பிள்ளைகள் தலைநகரத்தில் இருப்பார்கள், இல்லாவிட்டால் வளைகுடாவில். தெரியாத ஆள் ஒருவன் கதவைத் தட்டினால் ஏற்படும் அந்தச் சின்னத் திடுக்கிடல் இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்தத் திடுக்கிடலை வைத்து உலகமெங்கும் சினிமாக்காரர்கள் காசு பார்த்திருக்கிறார்கள். ஒரு வீடு, ஓர் இரவு, உள்ளே தனியாக ஒருத்தி, வெளியே ஓர் அந்நியன். ‘ஹோம் இன்வேஷன்’ படம் என்று அமெரிக்காவில் இதற்குப் பெயர். செலவு குறைவு, நடிகர்களும் நாலைந்து பேர் போதும். ஆனால் வெற்றி பெற்ற இந்தப் படங்களை மறுபடியும் எடுக்கப் போனவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இத்தனை எளிய சமையலை இரண்டாம் தடவை செய்யும்போது ஏன் அடிப்பிடிக்கிறது என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

காரணம் கேட்டால் பயம் போச்சு

2008-ல் வந்த ‘தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். டைரக்டர் பிரையன் பெர்ட்டினோ. அவர் சிறுவனாக இருந்தபோது யாரோ வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இல்லாத ஒருவரைக் கேட்டுவிட்டுப் போனார்களாம். பிறகுதான் தெரிந்தது, அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத வீடுகளில் திருட்டுப் போயிருக்கிறது என்று. அந்தத் தட்டலை வைத்தே அவர் படத்தை எழுதினார். முகமூடி போட்ட மூன்று பேர் ஒரு தம்பதியைப் போல் வாழும் ஜோடியை இரவு முழுவதும் வதைக்கிறார்கள். எதற்காக என்று அந்தப் பெண் கேட்கும்போது, நீங்கள் வீட்டில் இருந்ததால்தான் என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. பகை இல்லை, பணம் இல்லை, பழி இல்லை. படம் முடிந்து வெளியே வந்த ஜனங்களை வீடுவரை துரத்தியது அந்தப் பதில்தான்.

அதே கதையை ரென்னி ஹார்லின் என்ற டைரக்டர் ஸ்லோவாக்கியா நாட்டில் மூன்று பாகங்களாக ஒரே மூச்சில் படமாக்கினார். முதல் பாகம் 2024 மே மாதம் வந்தது. இரண்டாவது 2025 செப்டம்பரில். விமர்சகர்கள் இரண்டையும் விட்டுவைக்கவில்லை. முதல் பாகம் பழைய படத்தின் நிழல். இரண்டாம் பாகத்தில் முகமூடிக்காரியின் பால்யப் பருவம், அவள் எப்படி இப்படி ஆனாள் என்ற விருத்தாந்தம் எல்லாம் வருகிறது. முகமூடிக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாமல் இருந்ததுதான் பயம். அங்கே ஒரு ஜாதகத்தை எழுதி ஒட்டிவிட்டால் அவள் பக்கத்து வீட்டுப் பெண் ஆகிவிடுகிறாள்.

இங்கிலாந்து மாளிகையும் இடவப்பாதி மழையும்

நம்முடைய தமிழ்ப் படங்களிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2016-ல் மைக் ஃபிளனகன் எடுத்த ‘ஹஷ்’ ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத சிறிய படம். காட்டுக்கு நடுவே தனியாக வசிக்கும் எழுத்தாளி. காது கேளாது, பேச்சும் வராது. அவள் சமையலறையில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவை, பக்கத்து வீட்டுக்காரி உயிருக்குப் போராடியபடி அறைகிறாள். எழுத்தாளிக்குத் தெரியவில்லை, பார்க்கிற நமக்குத் தெரிகிறது. இதற்கு மேல் பயமுறுத்த ஒரு பேயும் தேவையில்லை.

இதைத் தழுவிச் சக்ரி டோலெட்டி இரண்டு படங்கள் எடுத்தார். ஹிந்தியில் தமன்னாவும் பிரபுதேவாவும் நடித்த ‘காமோஷி’ 2019 ஜூன் 14-ம் தேதி வந்தது. தமிழில் நயன்தாரா நடித்த ‘கொலையுதிர் காலம்’ அதே வருஷம் ஆகஸ்டு 9-ம் தேதி. பெயரைப் பார்த்து சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வருவார்கள் என்று போனவர்கள் ஏமாந்தார்கள். நாவலுக்கும் படத்துக்கும் பெயரைத் தவிர உறவில்லை. அந்தப் பெயரும் கோர்ட்டு வரை போய் வந்தது.

இரண்டுமே நிற்கவில்லை. வீட்டை இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனது முதல் காரணம். மைதானம் போன்ற அறைகள், அலங்கார மாடிப்படிகள். பார்க்கிறவருக்கு அது தன் வீடு இல்லை. ஆகவே தன் பயமும் இல்லை. இரண்டாவது, கதாநாயகிக்கு ஒரு மாளிகை சொத்தாக வந்து சேர்கிறது. அதன்மேல் கண் வைத்த உறவும் கதைக்குள் நுழைகிறது. சொத்துத் தகராறு என்றால் அதற்கு முன்சீப் கோர்ட்டு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், பத்து வருஷம் நடத்தலாம். நெய்யாற்றின்கரைக்காரருக்கு அதில் நடுங்க ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், ‘காமோஷி’ வெளியான அதே ஜூன் 14-ம் தேதி, அசுவின் சரவணன் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த ‘கேம் ஓவர்’ படமும் வெளியாயிற்று. அதுவும் வீட்டுக்குள் கொலைகாரர்கள் நுழைகிற கதைதான். ஆனால் எதையும் பார்த்து எழுதியதல்ல. டைரக்டரும் காவ்யா ராம்குமாரும் சேர்ந்து புதிதாக எழுதியது. டாப்ஸி நடித்த சொப்னா என்ற பெண்ணுக்கு முன்பு நடந்த ஒரு கொடுமையால் இருட்டைக் கண்டால் பயம். பாதிக் கதைக்கு மேல் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வீட்டில் துணைக்கு இருப்பது வேலைக்காரி கலாம்மா ஒருத்திதான். வினோதினி செய்த இந்தப் பாத்திரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். சினிமாவில் வேலைக்காரி என்றால் முதலில் அலறுவாள், அடுத்த காட்சியில் சாவாள். கலாம்மா எஜமானியின் சுபாவம் அறிந்தவள். அதட்டவும் செய்வாள், அணைக்கவும் செய்வாள். திருவனந்தபுரத்து வீடுகளில் வேலை பார்த்துவிட்டு மாலை வண்டியில் திரும்பும் பெண்கள், இவளைத் தங்களில் ஒருத்தி என்று சுலபமாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள். விமர்சகர்கள் அன்று பாராட்டியதும் இந்தப் படத்தைத்தான்.

அந்தத் தேதியில் இன்னொரு விசேஷம், இந்தப் பக்கத்தில் அது இடவப்பாதி காலம். தகரக் கூரையிலும் ஷீட்டிலும் மழை கொட்டும்போது அடுக்களையில் இருப்பவளுக்கு முன்வாசலில் அலறினாலும் கேட்காது. அந்த நேரத்தில் இந்த எல்லைக் கிராமங்களில் எல்லோருமே ‘ஹஷ்’ கதாநாயகிதான். காது கேளாத பெண்ணைத் தேடி இங்கிலாந்து வரை போனவர்கள் கொஞ்சம் இங்கே வந்து பார்த்திருக்கலாம்.

வீட்டுக்குள் வந்த தமிழச்சி

மலையாள சினிமாவில் வீட்டுக்குள் நுழைந்த அந்நியர்களில் யார் மிகப் பெரியவர் என்று கேட்டால், எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர்தான் சொல்வார்கள்: நாகவல்லி. 1993-ல் பாசில் டைரக்ட் செய்த ‘மணிச்சித்ரத்தாழ்’ படத்தின் கதை வசனம் மது முட்டம், இசை எம்.ஜி.ராதாகிருஷ்ணன். கங்காவாகவும் நாகவல்லியாகவும் நடித்த சோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தஞ்சாவூரிலிருந்து ஒரு நடனமாதுவை மாடம்பள்ளித் தறவாட்டுக் காரணவர் கொண்டுவந்து வைக்கிறார். காதலனோடு சேர விடாமல் கொல்கிறார். பூட்டிய தெற்கினி அறை திறக்கப்பட்டதும் அவள் திரும்பி வருகிறாள். கொலையும் பழியும் நிகழவேண்டிய நாள் துர்காஷ்டமி. முடிவில் பேய் இல்லை, மனநோய்தான் என்று டாக்டர் நிரூபிக்கிறார்.

மலையாளி குடும்பத்தில் பயம் எப்போது உச்சத்துக்குப் போகிறது? மருமகள் தமிழ் பேசும்போது! இதைக் கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் முதலில் கொஞ்சம் சங்கடத்தோடுதான் பார்த்திருக்கவேண்டும். பாறசாலைப் பக்கத்திலோ, மாமியார் மலையாளத்தில் ஏச, மருமகள் தமிழில் பதில் சொல்ல, பேரப்பிள்ளை இரண்டையும் கலந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வீடுகள் உண்டு. அங்கே ஒருத்தி திடீரென்று தமிழ் பேசினால் யாரும் மந்திரவாதியை அழைக்கமாட்டார்கள். காப்பி கேட்கிறாள் என்று நினைப்பார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்பகுதியும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் போயின, இது கேரளத்திலேயே நின்றது. யார் வீட்டுக்காரர், யார் அந்நியர் என்ற கேள்வி இங்கே சினிமாவுக்கு முந்தியது.

ஆனாலும் நாகவல்லி வெறும் பேயல்ல. அவள் அழைத்துவரப்பட்டவள், தன் ஊரையும் காதலையும் இழந்தவள். பார்க்கிறவர்கள் அவளுக்காகப் பரிதாபப்படும்படி பாசில் எடுத்திருந்தார். அந்தத் தமிழ்க் குரலைக் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். கங்காவின் மலையாளக் குரல் பாக்யலட்சுமியுடையது. இரண்டும் ஒருவருடைய குரலே என்று ரசிகர்கள் இருபது வருஷத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள்; 2016-ல் பாசிலே எழுதி விளக்கிய பிறகுதான் துர்காவின் பெயர் வெளியே வந்தது. கேரளத்தில் உழைத்துப் பெயர் வெளியே வராமல் போன தமிழர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

இனி மறுபதிப்புகள். 2004-ல் பி.வாசு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எடுத்தார். 2005-ல் அவரே தமிழில் ‘சந்திரமுகி’. அதில் நடனமாது தெலுங்கு பேசினாள். 2007-ல் பிரியதர்சன் ஹிந்தியில் எடுத்த ‘பூல் புலையா’வில் பெங்காலி பேசினாள். எந்த ஊரிலும் வீட்டுக்குள் வரும் ஆவி பக்கத்து ஊர் பாஷைதான் பேசவேண்டும் போலிருக்கிறது! இதுவரை குற்றம் சொல்ல அதிகமில்லை. ‘சந்திரமுகி’யில் ரஜினிகாந்துக்காகச் சண்டையும் வடிவேலுவுக்காகச் சிரிப்பும் ஏறின, தஞ்சாவூர்க்காரியின் துக்கம் அந்த அளவுக்கு இறங்கியது. ஆனால் ஜோதிகாவின் கண்கள் படத்தைக் காப்பாற்றின. ஜனங்களும் அள்ளிக் கொடுத்தார்கள்.

விபரீதம் 2023 செப்டம்பரில் வந்தது. அதே பி.வாசு, ராகவா லாரன்சையும் கங்கனா ரணாவத்தையும் வைத்து ‘சந்திரமுகி 2’ எடுத்தார். முதல் படம் மனநோய் என்று கஷ்டப்பட்டு நிரூபித்த விஷயம் இதில் நிஜ ஆவியாகவே நடமாடுகிறது. மணிச்சித்திரப் பூட்டைத் திறந்து பார்த்து ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சொன்ன டாக்டரைப் பொய்யராக்கிவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் ஒருத்திக்கு ஏற்பட்ட நோயை மற்றவர்கள் சேர்ந்து சுமந்து தீர்த்ததுதான் மூலக் கதையின் பலம். அது போன பிறகு எஞ்சியது அரண்மனை செட்டும் கத்திச் சண்டையும்.

மறுபதிப்பு என்றாலே மட்டம் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்குள் நுழைந்த ஆபத்தைக் குடும்பமே சேர்ந்து மறைக்கும் ‘த்ரிஷ்யம்’ 2013-ல் வந்தது. அதே ஜீத்து ஜோசப் 2015-ல் ‘பாபநாசம்’ என்று தமிழில் எடுத்தார். வசனம் ஜெயமோகன், குமரி மாவட்டத்துக்காரர். கமலஹாசனின் சுயம்புலிங்கம் பேசும் நெல்லைப் பக்கத்துத் தமிழைக் கேட்டவர்கள், இந்தக் குடும்பத்தைத் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். வீடு நிஜமானால்தானே கதவு தட்டும் சத்தமும் நிஜமாகும்?

‘மணிச்சித்ரத்தாழ்’ 2024 ஆகஸ்டில் புதுப்பொலிவோடு மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தது. அதில் வரும் தறவாட்டின் சில பகுதிகள் திருப்பூணித்துறை ஹில் பாலஸில் எடுத்தவை. மற்றவை பத்மநாபபுரம் அரண்மனையில். இந்த அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், தக்கலைக்குப் பக்கத்தில். நிர்வகிப்பது கேரளத் தொல்பொருள் துறை. அங்கிருந்துதான் வருஷந்தோறும் நவராத்திரிக்குச் சரஸ்வதி விக்கிரகம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறது. வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு தங்கல். களியக்காவிளையில் இரண்டு ராஜ்ய போலீசாரின் மரியாதை. பாறசாலை வழியாக வந்து நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோவிலில் மறு இரவு. வீட்டு வாசல்களில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்கள். நாகவல்லியை நினைத்து மற்ற ஊர்க்காரர்கள் நடுங்கும் துர்காஷ்டமி, இந்த ஊர்வலம் போய்ச் சேர்ந்த சில நாட்களில் வருகிறது.

படம் பார்த்துவிட்டுத் தெற்கினியைத் தேடிப் பத்மநாபபுரம் போக விரும்புகிறவர்கள் களியக்காவிளையிலிருந்து பஸ் பிடித்து, தக்கலையில் இறங்கவேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே தெக்கே கொட்டாரம் என்று ஒரு பகுதி உண்டு. அது இப்போது காட்சிசாலை. பூட்டு இல்லை, நடனமாதும் இல்லை. பழைய காலத்து வீட்டுச் சாமான்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.