உங்களுக்குத் தெரியுமா? கிளாஸ் இல்லாத ஆப்ஜெக்ட்!

லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் எதுவும் அந்த மொழியில் கிடையாது. ஆனாலும் கெர்னலில் ‘ஃபைல்_ஆபரேஷன்ஸ்’ என்ற ஸ்ட்ரக்சரைப் பிரித்துப் பாருங்கள்: ரீட், ரைட், ஓப்பன் என வரிசையாக ஃபங்ஷன் பாயின்டர்கள். ஒவ்வொரு டிரைவரும், ஃபைல் சிஸ்டமும் தன்னுடைய ஃபங்ஷன்களின் முகவரியை அதில் நிரப்பித் தருகிறது. டிஸ்க்கில் உள்ள ஃபைலோ, சீரியல் போர்ட்டோ, நாம் கொடுப்பது ஒரே ரீட் அழைப்புதான். எந்த ஃபங்ஷன் ஓடவேண்டும் என்பது அந்த நேரத்தில்தான் முடிவாகிறது. அசல் பாலிமார்ஃபிசம்!

கிளாஸ் வசதியுள்ள சி++-ஐ 1992-லேயே லினக்ஸில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். ஆப்பிளோ மேக் ஓஎஸ் எக்ஸ் கெர்னலின் டிரைவர் பகுதியான ஐஓகிட்டைச் சி++-இல்தான் எழுதியது. ஆனால் எக்ஸப்ஷன், டெம்ப்ளேட், மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் மூன்றுக்கும் அப்போது அங்கே தடை இருந்தது. அதிவேகத்தில் பல த்ரெட்களை ஓட்டும் கெர்னலுக்கு அவை பொருந்தாது என்று ஆப்பிள் கருதியதால், அது நியாயமான தடைதான்.