டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் யார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காது கேளாதவர்கள் வேலை பார்ப்பது புதுச் செய்தி அல்ல. ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று பல பிரிவுகளில் இருக்கிறார்கள். பவர்டேபிள் தையல் மெஷின்கள் ஓடும்போது காது கேட்பவர்களே கையை ஆட்டித்தான் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் சைகை மொழிக்காரர்கள் பாடு தேவலாம். உடம்புக்கு முடியாமல் போகும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரி என்பது காதை நம்பியே நடக்கிற இடம். டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 108, ஆலோசனைக்கு 104. இரண்டுமே பேசிக் கூப்பிட வேண்டியவை. டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுப் போகும். எக்ஸ்ரே அறையை நினைத்துப் பாருங்கள். நோயாளி நெஞ்சைப் பலகையோடு ஒட்டி, முதுகைக் காட்டி நிற்கிறார். டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் இருந்து "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்கிறார். எப்போது அடக்குவது, எப்போது விடுவது? படம் கலங்கினால் மறுபடியும் கதிர்வீச்சு.

"எழுதிக் காட்டினால் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி. டிஸ்சார்ஜ் சம்மரியோ ஆங்கிலத்தில் இருக்கும்.

ஆகவே துணைக்கு ஒருவர் வருகிறார். அம்மா, தம்பி, புருஷன். வெளியூர்ப் பெண் என்றால் ஹாஸ்டல் வார்டனோ லைன் சூப்பர்வைசர் அக்காவோ. இந்த ஏற்பாட்டை எல்லோரும் மனிதநேயம் என்று பாராட்டுகிறோம். எனக்கென்னவோ இதுதான் பயமாக இருக்கிறது. டாக்டர் நோயாளியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவரிடமே பேசுவார். "ரெண்டு நாளா வயித்து வலிங்க சார்" என்று அக்கா முடித்துவிடுவார். குத்துகிறதா, எரிகிறதா, விட்டுவிட்டு இழுக்கிறதா என்பதையெல்லாம் சைகை மொழி கை அசைவிலேயே துல்லியமாகப் பிரித்துக் காட்டும். அக்காவுக்குத் தெரிந்ததோ சாப்பாடு, லீவு, சம்பளம் என்று ஒரு இருபது சைகை. வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போனது, வீட்டில் விழுந்த அடி எதுவும் அந்த இருபதுக்குள் வராது. வந்தாலும், நாளைக்கு ஷிப்ட் போட்டுத் தரப்போகிறவர் முன்னால் எந்தப் பெண் சொல்வாள்? அடித்த புருஷனே துணைக்கு வந்து நின்றால்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் காது கேளாதோர் எண்ணிக்கை அதிகம். அங்கே 2008-இல், காது கேளாதவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. கேள்விகள் திரையில் சைகை மொழியில் வந்தன. பதிலை அவரவரே தொட்டுப் பதிந்தார்கள். புகைபிடிப்பது ஊர்ச் சராசரியைவிடக் குறைவு என்று தெரிந்தது. உடல் பருமன், தற்கொலை முயற்சி, துணைவர் கையால் படும் வன்முறை மூன்றும் அதிகம். நடுவில் ஒரு சொந்தக்காரர் நின்றிருந்தால் கடைசி இரண்டும் கணக்கில் ஏறியிருக்குமா? நம் ஊரில் கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று வாயால் கேட்கிறார். பதிலை மாமியார் சொல்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்கள் உடம்பைப் பற்றி நாம் வைத்திருக்கும் விவரங்களில் எவ்வளவு அவர்கள் சொன்னது, எவ்வளவு மாமியார் சொன்னது?

இந்தச் சிக்கல் கோர்ட்டு வரை போனதும் உண்டு. கனடாவில் லிண்டா வாரன் என்ற காது கேளாத பெண்ணுக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துவிட்டது என்பதை நர்ஸ் கை ஜாடையில் தெரிவித்தார். பிறந்தவுடன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நலம் என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அவரும் ராபின் எல்ட்ரிட்ஜ் என்பவரும் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பு தராமல் விடுவது சம உரிமைக்கு விரோதம் என்று 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதியிலும் தடையில்லாத அணுகல் வேண்டும் என்கிறது. 10-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளியின் சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மைக்கு வழிவகுக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது. ஆய்வு என்றால், அவருக்குப் புரியும் வழியில் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும் என்று 6-ஆவது பிரிவே சொல்லிவிட்டது. நடைமுறையில் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். விளக்கம் மட்டும் தம்பிக்குப் போகிறது.

ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காதபோது இதற்கெல்லாம் எங்கே போவது என்று டாக்டர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமே என்பவர்களும் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயது டெய்லருக்கு அதில் வழி இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு மற்றவர்களைப் போலவே அவர் சம்பளத்திலும் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள்; சிகிச்சையும் மற்றவர்களைப் போலவே கிடைக்க வேண்டும்.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள்; மருத்துவச் சொற்களுக்கும் அதில் இடம் உண்டு. திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அகராதியை மாணவர்கள் கையில் கொடுப்பது முதல் வேலை. இரண்டாவது, ஓ.பி.யில் ஒரு டேப்லெட். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் நாட்டிலேயே குறைவு என்பதால் வீடியோ அழைப்பில்தான் பிடிக்க முடியும். பெண் நோயாளிக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர், பேசுவது வெளியே போகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி, துணைக்கு வந்தவர் கதவுக்கு வெளியே. ஹாஸ்டல்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

எக்ஸ்ரே அறைக்கு அதுகூட வேண்டாம். நோயாளி கண்ணுக்கு நேரே இரண்டு விளக்கு. சிவப்பு எரிந்தால் மூச்சை அடக்கு, பச்சை எரிந்தால் விடு. ஸ்விட்ச் டெக்னீஷியன் கைப்பக்கம். தமிழ் தெரியாத வெளியூர்த் தொழிலாளிகளுக்கும் அது உதவும்.