டிக் டிக் சத்தம் வருது, தீ பிடிக்கலை: கேஸ் கீசரை எப்படிச் சோதிக்கிறது?

அணுபுரத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "கேஸ் கீசர் டிக் டிக்னு அடிக்குது, தீ பிடிக்கலை. மெக்கானிக் வர்றதுக்குள்ள நானே என்ன பார்க்கலாம்?" அணுபுரம், கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான குடியிருப்பு. பக்கத்துலயே அணு உலை ஓடுது, ஆனா வீட்டு கீசர் ஓடுறது 2 பெரிய டார்ச் பேட்டரியில!

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். குழாயைத் திறந்ததும் தண்ணி அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அது ஒரு சின்ன பின்னை நகர்த்த, மைக்ரோ ஸ்விட்ச் மாறும். உடனே கண்ட்ரோல் பாக்ஸ் தீப்பொறி அடிக்கும், கூடவே சோலனாய்டு வால்வைத் திறந்து கேஸை விடும். தீ பிடிச்சதை இன்னொரு கம்பி, அதாவது சென்சார், கவனிச்சுச் சொல்லும். தீ வழியா ரொம்பக் கொஞ்சம் மின்சாரம் பாயும்ங்கிறதுதான் அதோட சூட்சுமம். சில நொடிக்குள்ள தீ தெரியலைன்னா வால்வு மூடிடும்.

இப்போ சோதனை. கேஸ் வாசம் வந்தா எதையும் தொடாதீங்க, லைட் ஸ்விட்சைக்கூட. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழைங்க. வாசம் இல்லைன்னாலும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

சத்தமே வரலையா? பேட்டரிதான் முதல் சந்தேகம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சா ரெண்டும் சேர்த்து சுமார் 3 வோல்ட் காட்டணும். ஆனா சும்மா இருக்கும்போது பார்த்தா ஏமாந்துடுவீங்க. குழாயைத் திறந்து, பொறி அடிக்கும்போது பாருங்க. 2 வோல்ட் பக்கம் சரிஞ்சா பேட்டரி போச்சு. புதுசு போட்டும் சரியாகலைன்னா பேட்டரி பெட்டியோட ஸ்பிரிங்கைப் பாருங்க. கடலோரக் காத்துல உப்பும் ஈரமும் சேர்ந்து அங்கே துரு, பச்சைக் களிம்பு பிடிக்கும். பேட்டரியை எடுத்துட்டு நைசான உப்புத்தாளால தேய்ச்சா போதும்.

அடுத்து மைக்ரோ ஸ்விட்ச். கனெக்டரைக் கழட்டி, மீட்டரை பீப் அடிக்கிற நிலையில வச்சு, லீவரை அழுத்தி விடுங்க. அழுத்தினா பீப்பா, விட்டா பீப்பாங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். ரெண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தா ஸ்விட்ச் செத்துடுச்சு.

நம்ம நேயர் வீட்ல சத்தம் வருது. அப்போ பொறி சரியான இடத்துல அடிக்குதான்னு பார்க்கணும். கேஸை மூடியபடியே, பாத்ரூம் லைட்டை அணைச்சுட்டு தண்ணியைத் திறங்க. கண்ணாடி வழியா நீலப் பொறி கம்பி நுனியிலிருந்து பர்னருக்குத் தாவணும். இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். பீங்கான் உறை விரிஞ்சிருந்தா, இல்லை அதுமேல உப்பு ஈரம் படிஞ்சிருந்தா, பொறி பக்கவாட்டுல பாடியிலயே ஒழுகிடும். ஈரமில்லாத துணியால துடைச்சுப் பாருங்க, விரிசல்னா மாத்தணும். பொறி வயரைக் கையால தொடாதீங்க, மல்டிமீட்டரையும் வைக்காதீங்க. ஆயிரக்கணக்கான வோல்ட், மீட்டர் போயிடும்.

பொறி நல்லா இருந்தா மிச்சம் கேஸ் வழிதான். சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். சோலனாய்டு காயிலை ஓம்ஸ்ல அளந்தா ஏதாவது எண் வரணும். எல்லையில்லாம காட்டினா உள்ளே அறுந்திருக்கு. தீ பிடிச்சு உடனே அணைஞ்சா வேற கதை: சென்சார் கம்பியில கரி, இல்லை அதோட வயர் தளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பத்திக் கோபமாவே சொல்றேன். சென்சாரையோ சூடு தாண்டினா அணைக்கிற தெர்மோஸ்டாட்டையோ வயர் போட்டு "டைரக்ட்" பண்ணித் தர்றவங்க இருக்காங்க. அன்னிக்கு வெந்நீர் வரும். ஒருநாள் தீ அணைஞ்சும் கேஸ் வந்துட்டே இருக்கும். சம்மதிக்காதீங்க.

இன்னொண்ணு. சென்சாருக்குத் தெரிஞ்சது தீ இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான். அறையில ஆக்சிஜன் குறைஞ்சு கார்பன் மோனாக்சைடு சேர்றது அதுக்குத் தெரியாது. அதுக்கு வாசமும் கிடையாது. மூடின பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா, எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆனாலும் அது ஆபத்துதான். காத்தோட்டமான வெளிப்பக்கத்துக்கு மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் கதவைத் திறந்து வச்சு வாளியில பிடிச்சு, கீசரை அணைச்சுட்டு, காத்து வெளியேறின பிறகு குளிங்க. தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா அன்னிக்கே கேஸை மூடிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.