கழித்த கடலை யார் வயிற்றுக்குப் போகிறது?



கடலை மிட்டாய் போடும் குழுக்களில் நாம் தினமும் பார்ப்பதுதான். முறத்தில் கொட்டிப் பொறுக்கி, திரண்ட பருப்பை மிட்டாய்க்கு வைக்கிறோம். சுருங்கினது, கறுத்தது, பச்சையாகப் பூசணம் பூத்தது எல்லாம் ஓரமாக ஒதுங்குது. சாயங்காலம் அது எங்கே போகுது? "காசு குடுத்து வாங்கினதாச்சே" என்று முந்தானையில் முடிந்துகொண்டு போய்ச் சட்னி அரைக்கிறோம். மிச்சம் மாட்டுக்கு. விற்க ஆகாதது நமக்கு மட்டும் ஆகுமா?

அந்தப் பூசணம் நஞ்சை உண்டாக்குகிறது. கடலை, மிளகாய் வத்தல், மக்காச்சோளத்தில் வருவது அஃப்ளாடாக்சின். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் காமாலை கண்டு இறந்தார்கள்.

மக்காச்சோளத்தில் இன்னொரு நஞ்சும் வரும். பெயர் ஜியரலினோன். இது நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேஷம் போடும், பூட்டுக்குள் கள்ளச்சாவி நுழைகிற மாதிரி. 1928-லேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற பெண் பன்றிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கியதை எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தீனி தின்ற பன்றி பருவம் வராமலே வந்த மாதிரி நிற்கும். சினை பிடிக்காது, பிடித்தாலும் குட்டி குறையும்.

கருமுட்டைக்கு என்ன ஆகிறது? பெண் குழந்தை பிறக்கும்போதே ஆயுசுக்கு வேண்டிய முட்டைகள் சினைப்பையில் இருக்கின்றன. கெட்டுப்போனதுக்குப் பதில் புதுசு வராது. முட்டை முதிரும்போது உள்ளே இருக்கும் மரபு இழைகள் சரியாகப் பிரியணும். பன்றி, எலி முட்டைகளை வைத்துச் செய்த ஆய்வில், நஞ்சு பட்ட முட்டைகளில் இந்தப் பிரிவு தாறுமாறாகி, பல முட்டைகள் முதிராமலே நின்றுவிட்டன. பெண்களிடம் இந்த அளவுக்கு நேரடியாக நிரூபணம் ஆகவில்லை. அதனால் பிள்ளை இல்லாத ஒருத்தியைப் பார்த்து "கண்டதைத் தின்னா" என்று யாரும் ஆரம்பிச்சிடாதீங்க. அவள் கேட்கிற ஏச்சு போதும். குறை ஆணிடமும் இருக்கலாம். ஒரு வருஷம் ஆகியும் தரிக்கவில்லை என்றால் இரண்டு பேருமே டாக்டரிடம் போகணும்.

"வறுத்தா போயிடாதா?" என்று கேட்பீர்கள். வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. துடைத்தால் பூசணம் மறையும், நஞ்சு உள்ளேயே இருக்கும். மாட்டுக்குப் போட்டால் அஃப்ளாடாக்சின் பால் வழியாக நம்ம பிள்ளைக்கே திரும்பி வரும். செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் புண்ணாக்கிலும் இறங்கும்.

ஈரம்தான் முதல் எதிரி. வெறும் மண்ணில் இல்லாமல் தார்ப்பாயில், ஆட்டினால் காய்க்குள் பருப்பு கலகலக்கிற வரை காய வையுங்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பருப்பு பிளக்காமல் இருக்கத் தண்ணி தெளித்துக் காயை உடைக்கிற பழக்கம் பல ஊரில் இருக்கு. அந்தப் பருப்பை வாங்கினால் காய வைக்காமல் மூட்டை கட்டாதீங்க.

கழித்ததைக் குழியில் போட்டு மண் மூடிவிடுங்கள். அந்த எடையை நோட்டில் 'கழிவு' என்று தனியாக எழுதி, மிட்டாய் விலை போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.