பொம்மை நோயாளி கற்பிக்கும் பாடம்

அறுவை அரங்கின் கதவு மூடப்பட்டதும் வெளியே துஆச் செய்தபடி அமர்ந்திருக்கும் நாம், கத்தி பிடிக்கும் மருத்துவரையே எண்ணுகிறோம். மயக்க மருந்து கொடுப்பவரை நினைப்பதேயில்லை. அன்பு வாசகர்களே, அவரையும் அவருடன் நிற்போரையும் பற்றியதே இக்கட்டுரை.

1960இல் மெல்பர்ன் நகர மருத்துவர்கள் டென்பரோவும் லவலும் வியப்புக்குரிய செய்தியொன்றை வெளியிட்டனர். கால் முறிந்து வந்த 21 வயது மாணவர், முறிவைவிட மயக்க மருந்துக்கே அஞ்சினார். அவருடைய உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் மாண்டிருந்தனர்! அந்த மாணவர் பிழைத்தார். நோயும் அடையாளம் காணப்பட்டது. 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்பது அதன் பெயர். முகரும் மயக்க மருந்துகளும் சக்சினைல்கோலினும் சிலருடைய தசைகளில் கால்சியத்தைக் கட்டின்றிப் பெருகச் செய்கின்றன. மூச்சில் கரியமிலவாயு உயர்கிறது, தசை விறைக்கிறது, உடல் கொதிக்கிறது.

இதற்கு மாற்று மருந்து உண்டு: டான்ட்ரோலின். ஆனால் அதைக் கலக்கும் பாட்டைக் கேளுங்கள். பழைய வகைக் குப்பியில் இருப்பது 20 மில்லிகிராம் தூள். அதில் 60 மில்லிலிட்டர் தூய நீர் ஊற்றிக் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே ஒன்பது குப்பிகள்! இதற்கிடையே மயக்க வாயுவை நிறுத்த வேண்டும். பிராணவாயுவைக் கூட்ட வேண்டும். உடலைக் குளிர்விக்க வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியமா இது?

வாழ்நாள் முழுதும் ஒருமுறையேனும் காணாத ஆபத்தை எங்ஙனம் பழகுவது? விமானிகள் தரையிலேயே பழகும் முறையை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் டேவிட் காபாவும் அவருடைய குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் மயக்கவியலுக்குக் கொணர்ந்தனர். மேசையில் கிடப்பது பொம்மை. அதற்கு நாடி துடிக்கும், மூச்சு வாங்கும். திடீரெனத் திரையில் எண்கள் தாறுமாறாகும். யார் தலைமை ஏற்பது, யார் குப்பியைக் குலுக்குவது, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பனவெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். முடிந்தபின் அனைவரும் அமர்ந்து, நிகழ்ந்ததை ஒளிவுமறைவின்றிப் பேசுவர். இப்பேச்சே பயிற்சியின் உயிர் என்பேன். செவிலியர் மூத்த மருத்துவரிடம், "தாங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை" என்று கூறத் துணிவது அங்கேதான்.

நம் பங்கும் ஒன்றுண்டு. இக்குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது; ஒருவருக்கிருந்தால் அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர இரண்டிலொரு வாய்ப்பு. குடும்பத்தில் எவரேனும் மயக்க மருந்தின்போது மௌத்தாகியிருப்பின், "அது அவருடைய கத்ர்" என்று மூடிவைக்காதீர்கள். கத்ரை நம்புவது வேறு, செய்தியை மறைப்பது வேறு. பாட்டனார் காலத்து நிகழ்ச்சியாயினும், அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பாதுகாப்பான வேறு மருந்துகள் அவரிடம் உள்ளன.