நின்றே கிழடாகும் டயர்கள்

பழைய கார்களின் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். மாதத்துக்கு ஓரிருமுறை ஷெட்டை விட்டு வெளியே வரும் அம்பாசடரின் டயரில் பட்டன் புதிதுபோல் இருக்கும். பக்கச்சுவரிலோ நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும்.

இந்த வெடிப்புகளுக்கு வெயிலும் காரணம், ஓசோன் அதைவிடப் பெரிய காரணம். காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலும், ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுத்துவிடும். ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு விரியும். காரின் எடையில் பிதுங்கி நிற்கும் பக்கச்சுவர் அதற்குத் தோதான இடம். இதைத் தடுக்க, தயாரிப்பின்போதே ரப்பரில் மெழுகும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. இவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகப் படிகின்றன. டயர் உருண்டு நெளியும்போது இந்த வரத்து கூடுகிறது. அசையாமல் நிற்கும் டயரில் குறைகிறது.

டயரில் தெரியும் பழுப்பு நிறத்தில் ஒரு பகுதி அழுக்கே அல்ல, காற்றோடு வினைபுரிந்த அந்த வேதிப்பொருள்தான். அதை விடாப்பிடியாகத் தேய்த்து எடுப்பது காப்பையே கழுவிவிடுவது. மிதமான சோப்பு நீர், மென்மையான பிரஷ், பிறகு நல்ல தண்ணீர், இவ்வளவே போதும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. அவை ரப்பரை ஊதச் செய்து, உள்ளிருக்கும் மெழுகையும் கரைத்தெடுக்கும். டீசல் துடைத்த டயரின் கருமை கண்ணுக்கு அழகுதான். ரப்பருக்கு அது கேடு. பாலிஷ் போடுவதானால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதைப் பக்கச்சுவரில் மட்டும் பூசலாம். பட்டனில் பட்டால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

வெள்ளைப் பட்டை டயர் தனி ரகம். கறுப்பு ரப்பருக்குப் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கரித்தூள் உண்டு. வெள்ளை ரப்பரில் அது கிடையாது. பக்கத்துக் கறுப்பு ரப்பரிலிருந்து கசியும் வேதிப்பொருள்களும் அதில் பழுப்பேற்றும். ஆகவே வெள்ளைப் பட்டையை அடிக்கடி, ஆனால் மெதுவாகக் கழுவ வேண்டும். பளிச்சென்று வெளுக்க பிளீச்சிங் திரவம் தடவுவது ரப்பரை உலர்த்திக் கெடுக்கும்.

பழைய நைலான் இழை டயர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஓடிச் சூடான டயர் நின்று ஆறும்போது, தரையில் அழுந்திய பகுதி தட்டையாகவே இறுகிவிடும். மறுநாள் கார் கிளம்பியதும் தடதடவென அதிர்வது இதனால்தான். சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறினால் பெரும்பாலும் சரியாகும். மாதக்கணக்கில் நிறுத்தினால் தட்டை நிலைத்துவிடக்கூடும். அப்படி நிறுத்தும்போது காரை ஸ்டாண்டில் ஏற்றி, டயரில் எடை விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் காற்றழுத்தம் குறையாமல் கவனித்து, அவ்வப்போது காரைச் சற்று உருட்டி வைக்கலாம். மின்மோட்டார்களின் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும் என்பதால் அவற்றின் அருகே நிறுத்தாதிருப்பது உத்தமம்.

எவ்வளவு பேணினாலும் வயது நிற்காது. 2000-க்குப் பிந்தைய டயர்களின் பக்கச்சுவரில் பெரும்பாலும் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்பது பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.