மரக்கறி நூடில்ஸ்: விருந்தாளி உணவு

ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தவை யாவும் என்றும் அந்நியமாகவே இருந்துவிடுவதில்லை. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையை நோக்குக. புனித அந்தோனியார் திருத்தலத்தினாற் புகழ்பெற்ற அவ்வூரின் கத்தோலிக்கக் குடிகள், கண்டி மன்னர் காலத்திற் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது மரபு. இன்று அவர்கள் இம்மண்ணின் மக்களே. போர்த்துக்கேயர் கடல் கடந்து கொணர்ந்த மிளகாயும் அவ்வாறே. அஃதில்லாத கறியை எண்ணிப் பார்க்க இயலுமோ? நம் அடுக்களைக்கு அண்மைக்காலத்தில் வந்த விருந்தாளி, சீன முறையில் மரக்கறி சேர்த்து வதக்கும் நூடில்ஸ்.

சீனருக்கு இவ்வுணவு மிகப் பழையது. லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த மட்பாண்டமொன்றின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டு பழமையான நூடில்ஸ் இழைகள் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இழையுணவு நமக்கும் புதியதன்று. இடியப்பம் அதன் உறவினன் போன்றதே. ஆனால் இடியப்பம் ஆவியில் வேகும்; சீனர் முறையோ கடுந்தீயில் விரைந்து வதக்குவதாகும்.

பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் பசியும் வேலை முடித்து வரும் தாயின் களைப்பும் ஒரே வேளையில் அடுக்களையிற் சந்திக்கின்றன. அப்போது பொதி நூடில்ஸே கைக்கு எட்டுகின்றது. வெறும் இழையும் உப்பு மிகுந்த தூளும் வயிற்றை நிரப்பலாம். வளரும் உடலுக்கு அவை போதா. நாட்டின் பல பாகத்து மரக்கறியும் வந்து குவியும் தம்புள்ளைச் சந்தை அமைந்திருப்பதும் இதே மாத்தளை மாவட்டத்திலேதான். அத்தகைய நாட்டில் பிள்ளையின் தட்டில் மரக்கறி இல்லாதிருப்பது கவலைக்குரியது.

நால்வருக்கு 250 கிராம் உலர்ந்த நூடில்ஸ் போதும். கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ், கறிமிளகாய் ஆகியவை எல்லாமாக 500 கிராம் இருத்தல் நன்று. இழையிலும் காயே மிகுந்திருக்க வேண்டும். லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் தங்குமாதலால், அதனைப் பிளந்து கழுவுக. காய்கள் யாவற்றையும் மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்து, இஞ்சியையும் உள்ளியையும் நறுக்கி, அடுப்பருகே வைத்த பின்னரே தீ மூட்டுக. வதக்கத் தொடங்கியபின் கத்தியைத் தேட நேரமிராது.

நூடில்ஸைக் கொதிநீரிலிட்டு, நடுவிற் சிறிது உறுதி எஞ்சியிருக்கும்போதே வடித்துக் குளிர்நீரில் அலசுக. மேற்பரப்பின் மா கழுவப்படுவதால் இழைகள் ஒட்டமாட்டா; மேலும் வேகுவதும் நிற்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பிசிறி வைக்கலாம்.

தாச்சி நன்கு காய்ந்தபின் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இஞ்சியும் உள்ளியும் மணக்கும்வரை வதக்குக. முதலிற் கரட்டும் போஞ்சியும், பின்னர் ஏனையவும் சேரட்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். காய் முழுவதையும் ஒருங்கே கொட்டினால் தாச்சியின் சூடு தணிந்துவிடும். காய் நீர்விட்டு, வதங்குவதற்குப் பதிலாக அவிந்து குழையும். வீட்டு அடுப்பின் தீ உணவகத்துத் தீயளவு வலியதன்று; ஆதலின் இருமுறையாக வதக்குவதே அறிவுடைமை. நான்கைந்து நிமிடத்தில் நிறம் மாறாமல், கடித்தால் நறுக்கென்றிருக்கும். நீண்ட நேரம் நீரில் அவிக்கும்போது வீணாகும் விற்றமின் சி இம்முறையிற் பெரிதும் எஞ்சும். கரட்டிலுள்ள கரோட்டினை உடல் ஏற்பதற்கு எண்ணெய் துணைபுரியும்.

இறுதியில் நூடில்ஸையும் ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸையும் மிளகுத்தூளையும் சேர்த்துக் கிளறி இறக்குக. சோஸை அளவின்றி ஊற்றலாகாது. ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேற்பட்ட உப்பு உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே வேறு உப்பு வேண்டியதில்லை. சுவை குன்றுமாயின் தேசிக்காய்ப் புளி சிறிது பிழியலாம்.

குழைந்த கறியை ஒதுக்கிவைக்கும் பிள்ளையும், நிறம் மங்காத போஞ்சியை இழையோடு சேர்த்து உண்ணக்கூடும். அப்படி உண்ணும் நாளில், சீனத்து விருந்தாளி நம் வீட்டு உறவினனாகிவிட்டான் எனலாம்.